பகை நடுவே நிற்கும் உடன்பாடுகள்

ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் ஒரு வேலை நடக்கிறது. இந்தியாவின் அணுசக்தி நிலையங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலை நம் அதிகாரிகள் டெல்லியிலுள்ள பாகிஸ்தான் தூதரகத்திடம் கொடுக்கிறார்கள். பாகிஸ்தான் அதிகாரிகள் தங்கள் பட்டியலை அங்குள்ள நம் தூதரகத்திடம் கொடுக்கிறார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை முதற்கொண்டு அதில் குறித்திருக்கும். இந்த இடங்களைத் தாக்குவதில்லை என்று இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று வாக்குக் கொடுத்திருக்கின்றன. 1992இல் தொடங்கிய இந்த வழக்கம் இடையில் நிற்கவே இல்லை. கார்கில் போர் முடிந்து ஐந்து மாதமே ஆகியிருந்த 2000 ஜனவரியில் நடந்தது. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இரு ராணுவங்களும் எல்லையில் குவிந்துகொண்டிருந்த 2002 ஜனவரியில் நடந்தது. மும்பைத் தாக்குதலின் சூடு ஆறாத 2009 ஜனவரியிலும் நடந்தது. 2025 ஜனவரியில் நடந்தது 34ஆவது பரிமாற்றம்.

இதே டெல்லியில், டெல்லி கேட் அருகே அம்பேத்கர் ஸ்டேடியம் பேருந்து முனையத்திலிருந்து லாகூருக்குப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. சம்ஜோதா எக்ஸ்பிரஸில் பாகிஸ்தான் போக வேண்டியவர்கள் பழைய டெல்லி ரயில் நிலையத்திலிருந்து எல்லையோர அட்டாரிக்கு ரயிலேறினார்கள். 2019 ஆகஸ்டோடு இரண்டும் நின்றுபோயின. மக்கள் கண்ணால் பார்த்த, கையால் தொட்ட ஏற்பாடுகள் அழிந்துவிட்டன. கோப்புக்குள் இருக்கும் பட்டியல் மட்டும் பிழைத்திருக்கிறது. இது ஏன் என்று யோசித்தால், போருக்குப் பிறகு அண்டை நாடுகள் செய்துகொள்ளும் நம்பிக்கை வளர்ப்பு நடவடிக்கைகளைப் பற்றி நாம் வழக்கமாக நினைப்பதில் பாதி தவறு என்று தெரியவரும்.

நம்பிக்கை வளர்ப்பு என்ற இந்தச் சிந்தனை உலக அரங்கில் முறையான வடிவம் பெற்றது 1975இல், ஹெல்சிங்கியில். பனிப்போரின் இரு தரப்பும் அடங்கிய 35 நாடுகள் அங்கே கையெழுத்திட்டன. 25,000 வீரர்களுக்கு மேல் பங்கேற்கும் போர்ப்பயிற்சி என்றால் 21 நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அதிலுள்ள ஏற்பாடுகளில் ஒன்று. பயிற்சியைப் படையெடுப்பு என்று எதிரி தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அச்சத்திலிருந்து பிறந்த விதி இது. நட்பை அது கேட்கவில்லை.

நம் துணைக்கண்டத்துக்கு இதில் இன்னும் பழைய வரலாறு உண்டு. வங்கதேசம் பிறந்த 1971 போர் முடிந்தபோது இந்தியாவின் வசம் சுமார் 93,000 பாகிஸ்தானியர்கள் கைதிகளாக இருந்தார்கள். படைவீரர்களோடு சிவிலியன்களும் அதில் அடக்கம். 1972 ஜூலை 2 அன்று கையெழுத்தான சிம்லா உடன்பாடு படைகளைப் பின்வாங்கவும் காஷ்மீரில் புதிய கட்டுப்பாட்டுக் கோட்டை மதிக்கவும் வழி செய்தது. கைதிகள் விஷயம் அதில் தீரவில்லை. பாகிஸ்தான் படை சரணடைந்தது இந்திய - வங்கதேசக் கூட்டுத் தலைமையிடம்; ஆகவே டாக்காவின் சம்மதமில்லாமல் டெல்லி அவர்களை விட முடியாது. பாகிஸ்தானோ வங்கதேசம் என்றொரு நாடு இருப்பதையே ஏற்கவில்லை. பாகிஸ்தானில் மாட்டிக்கொண்ட வங்காளிகள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பக் காத்திருந்தார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது டெல்லியில் செய்த இரண்டு உடன்பாடுகள். 1973 ஆகஸ்ட் 28 அன்று இந்தியாவின் சார்பில் பி. என். ஹக்சரும் பாகிஸ்தான் சார்பில் அஜீஸ் அகமதுவும் கையெழுத்திட்டார்கள். போர்க்கைதிகள் பாகிஸ்தானுக்கும், அங்கிருந்த வங்காளிகள் வங்கதேசத்துக்கும், வங்கதேசத்திலிருந்து பாகிஸ்தான் போக விரும்பிய வங்காளியல்லாதவர்களில் ஒரு பகுதியினர் பாகிஸ்தானுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. வங்கதேசத்தைப் பாகிஸ்தான் அங்கீகரிக்காத நிலையிலேயே ஆட்களை ஏற்றிய விமானங்களும் ரயில்களும் புறப்பட்டுவிட்டன. போர்க்குற்றம் சாட்டப்பட்ட 195 பேரை மட்டும் நிறுத்திவைத்தார்கள். 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்தது. ஏப்ரல் 9 அன்று இந்தியாவின் ஸ்வரண் சிங், வங்கதேசத்தின் கமால் ஹுசைன், பாகிஸ்தானின் அஜீஸ் அகமது மூவரும் டெல்லியில் கையெழுத்திட்ட முத்தரப்பு உடன்பாட்டில் அந்த 195 பேரும் விசாரணையின்றித் திரும்ப வங்கதேசம் இசைந்தது. அத்தனை ரத்தம் சிந்திய பிறகு அந்த இசைவு வங்கதேசத்துக்கு எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதை நாம் மறக்கலாகாது. டாக்காவின் முகாம்களில் தங்கிவிட்ட உருது பேசும் மக்களும், பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என்று குடும்பத்தினர் இன்றும் நம்பும் 54 இந்திய வீரர்களும் இந்தக் கணக்கில் தீராமல் நிற்கிறார்கள். ஆனாலும் பகை உச்சத்தில் இருந்தபோதே மனிதர்களை வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று காட்டியது அந்த இரண்டு டெல்லி உடன்பாடுகள்தாம். இந்தக் கட்டுரையின் கடைசியில் நான் கேட்கப்போவதற்கு முன்னுதாரணம் அங்கேயே இருக்கிறது.

எண்பதுகளில் கவலை வேறு திசையில் திரும்பியது. 1981இல் இஸ்ரேல் ஈராக்கின் ஒசிராக் அணு உலையைக் குண்டுவீசி அழித்தது. கஹுதாவில் உள்ள தங்கள் செறிவூட்டல் ஆலையை இந்தியா அப்படித் தாக்கிவிடும் என்ற பயம் பாகிஸ்தானைப் பிடித்துக்கொண்டது. 1985 டிசம்பரில் டெல்லி வந்த பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக்கும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஓராண்டு கழித்துத்தான் பெரிய சோதனை வந்தது. ராஜஸ்தானில் இந்திய ராணுவம் நடத்திய பிராஸ்டாக்ஸ் என்ற மாபெரும் பயிற்சியைப் படையெடுப்பின் முன்னோட்டம் என்று நினைத்துப் பாகிஸ்தான் தன் படைகளை நகர்த்தியது. அதைக் கண்டு இந்தியாவும் நகர்த்தியது. போர் வேண்டுமென்று யாரும் முடிவெடுக்காமலேயே போரின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாகிஸ்தான் வெளியுறவுச் செயலர் அப்துல் சத்தார் டெல்லிக்கு வந்து பேசி, 1987 பிப்ரவரி 4 அன்று பகுதி பகுதியாகப் படைகளை விலக்குவதென்று முடிவானது.

அடுத்த சில ஆண்டுகளில் வந்த உடன்பாடுகள் எல்லாம் அந்தப் பதற்றத்தின் பிள்ளைகள். ஜியாவும் ராஜீவும் வாயால் சொன்னது, பெனாசிர் புட்டோ பாகிஸ்தான் பிரதமரான பிறகு, 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் எழுத்தில் வந்தது. 1991 ஏப்ரல் 6 அன்று டெல்லியில் இரண்டு உடன்பாடுகள்: பெரிய ராணுவப் பயிற்சிகளை முன்கூட்டியே தெரிவிப்பது ஒன்று, போர் விமானங்கள் மற்றவரின் வான்எல்லைக்கு 10 கிலோமீட்டருக்குள் போகாமலிருப்பது இன்னொன்று. 1971 போருக்குப் பிறகு ஏற்படுத்தியிருந்த ஹாட்லைனை, 1990இல் காஷ்மீரை ஒட்டி மீண்டும் மூண்ட நெருக்கடிக்குப் பின் முறைப்படுத்தினார்கள். இரு ராணுவங்களின் நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கு இடையிலான அந்தத் தொலைபேசியில் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை பேசுவது வழக்கமானது.

இவற்றை வாசிக்கும்போது ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. எதிராளி நல்லவன் என்று எந்த விதியும் எடுத்துக்கொள்ளவில்லை. தேதி, தூரம், கிழமை என்று அளந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. தேதி வந்தால் வேலை நடக்கும். அதை நிறுத்துவதென்றால்தான் யாரோ ஒருவர் பொறுப்பேற்று முடிவெடுக்க வேண்டும். அணு நிலையப் பட்டியலைக் கொடுக்க மறுத்தால் தன் நிலையத்துக்கே ஆபத்து என்பதால் அந்த முடிவை எடுக்க இரு தலைநகரங்களிலும் ஆளில்லை.

பேருந்தின் கதை வேறு. 1999 பிப்ரவரி 20 அன்று பிரதமர் வாஜ்பாய் அதில் ஏறி வாகா எல்லையைக் கடந்தார். மறுநாள் லாகூர் பிரகடனம் கையெழுத்தானது. சில மாதங்களில் கார்கில். ஆனால் நாம் மறந்துபோன ஒரு செய்தி உண்டு: கார்கில் மலைகளில் சண்டை நடந்தபோதும் டெல்லி - லாகூர் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது 2001 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு. ஆக, போரின் நடுவே மக்கள் போக்குவரத்து சாத்தியமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிறுத்துவதும் ஓட்டுவதும் அரசின் தேர்வு. 2003 ஜூலையில் பேருந்து மீண்டும் ஓடத் தொடங்கியபோது, அதில் வந்த இரண்டு வயதுப் பாகிஸ்தான் குழந்தைக்குப் பெங்களூரில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் குழந்தைக்காக நாடே பிரார்த்தித்தது இப்போதைய இளைஞர்களுக்கு நம்ப முடியாத செய்தியாக இருக்கலாம்.

2003 நவம்பரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கிகள் அடங்கின. 2005 ஏப்ரலில் ஸ்ரீநகருக்கும் முசாஃபராபாத்துக்கும் இடையே பேருந்து. அதே மாதம் டெல்லி கோட்லா மைதானத்தில் கிரிக்கெட் பார்த்த பாகிஸ்தான் அதிபர் முஷாரஃபும் பிரதமர் மன்மோகன் சிங்கும் சமாதான முயற்சி இனிப் பின்னோக்கிப் போகாது என்று கூட்டறிக்கை விட்டார்கள். அந்த ஆண்டுகளின் உச்சம் என்று நான் கருதுவது வேறொரு வாரத்தை. 2007 பிப்ரவரி 18 இரவு, டெல்லியிலிருந்து அட்டாரி நோக்கிப் போன சம்ஜோதா ரயிலில் பானிபட் அருகே குண்டு வெடித்து 68 பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலோர் பாகிஸ்தானியர். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நால்வரும் 2019இல் விடுதலையானார்கள். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்தச் சாவுகள் நடந்த மூன்றே நாளில், பிப்ரவரி 21 அன்று, பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் கசூரி டெல்லியில் இருக்கும்போது, அணு ஆயுத விபத்துகளின் ஆபத்தைக் குறைக்கும் உடன்பாடு கையெழுத்தானது. பயணத்தை ரத்து செய்யக் கசூரிக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் வந்தார். பயங்கரவாதம் ஒரு பேச்சுவார்த்தையை முறிக்கவே நடத்தப்படுகிறது என்று இரு தரப்பும் புரிந்து நடந்துகொண்ட அரிதான தருணம் அது. அடுத்த ஆண்டு நவம்பரில் மும்பை எரிந்தபோது அந்தப் புரிதலுக்கு இடமில்லாமல் போயிற்று. கொலையாளிகள் எங்கிருந்து வந்தார்கள், யார் அனுப்பினார்கள் என்பது தெரிந்த பிறகு இந்தியாவிடம் அதே பொறுமையை எதிர்பார்த்திருக்க முடியாது.

இந்த வகை ஏற்பாடுகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கின என்பதற்கு 2013 ஜனவரி 15 சாட்சி. 65 வயது கடந்த பாகிஸ்தானியர்களுக்கு அட்டாரியிலேயே விசா தருவதென்று முந்தைய ஆண்டு ஒப்புக்கொண்டிருந்தார்கள். திட்டம் தொடங்க வேண்டிய அன்றைக்கே அது நிறுத்திவைக்கப்பட்டது. எல்லைக் கோட்டில் இந்திய வீரர்கள் இருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பிறந்த ஊரைச் சாகுமுன் ஒருமுறை பார்க்க நினைத்த கிழவர்களுக்கும் அந்தக் கொலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எழுதிவைத்த விதிகள் எல்லாம் காத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 1992 ஆகஸ்டில் டெல்லியில் இரு நாடுகளும் ரசாயன ஆயுதங்களை உருவாக்க மாட்டோம், வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கூட்டாக அறிவித்தன. ஐந்து ஆண்டு கழித்து, சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது, தன்னிடம் ரசாயன ஆயுதக் கையிருப்பு இருப்பதை இந்தியா வெளியிட வேண்டிவந்தது. 2009இல் அத்தனையையும் அழித்து முடித்தது உண்மை. ஆனால் சரிபார்க்க வழியில்லாத அறிவிப்பு நம்பிக்கையைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கும் என்பதற்கு அது நம் பக்கத்து உதாரணம்.

இன்னொன்று 2022 மார்ச் 9. பராமரிப்பின்போது தவறுதலாகக் கிளம்பிய இந்திய ஏவுகணை, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. பிரம்மோஸ் ரகம், நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஏவுகணைச் சோதனைக்கு மூன்று நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 2005இல் செய்த உடன்பாடு பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே பொருந்தும். குரூஸ் ஏவுகணைகளை விட்டுவிட்டார்கள். 2007 உடன்பாடோ அணு ஆயுத விபத்துகளைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் அந்த ஏவுகணை பறந்தது. இந்தியா பகிரங்கமாக ஒப்புக்கொண்டது மார்ச் 11இல். விமானப்படை அதிகாரிகள் மூவர் ஆகஸ்டில் பதவிநீக்கம் செய்யப்பட்டார்கள். மேலே வருவது எது என்று புரியாத அந்தச் சில நிமிடங்களில் பாகிஸ்தான் பதிலடி கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே நடுக்கமாக இருக்கிறது. குரூஸ் ஏவுகணைகளையும் டிரோன்களையும் சேர்த்து 2005 உடன்பாட்டை விரிவாக்குவது எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. 2025 மே மோதலின்போது இரு நாட்டு வானத்திலும் டிரோன்கள் மொய்த்ததைப் பார்த்த பிறகு இதில் வாதத்துக்கே இடமில்லை.

சீன எல்லையிலும் இதே பாடம், வேறு உருவில். 1962 போருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 1993இல் பெய்ஜிங்கிலும் 1996 நவம்பர் 29 அன்று டெல்லியிலும் உடன்பாடுகள் கையெழுத்தாயின. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்பது 1996 உடன்பாட்டின் விதி. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தபோது இரு தரப்பும் கம்புகளாலும் கற்களாலும் ஆணி பதித்த தடிகளாலும் மோதின; துப்பாக்கி வெடிக்கவில்லை. விதியின் ஒரு பாதி அந்த இரவிலும் உயிரோடிருந்தது. அதே உடன்பாடு கேட்ட இன்னொரு வேலை, கோடு எங்கே போகிறது என்ற வரைபடங்களைப் பரிமாறிக்கொள்வது. எல்லையின் நடுப்பகுதிக்கு மட்டும் அது நடந்தது. லடாக் அடங்கிய மேற்குப் பகுதிக்கு நடக்கவே இல்லை. கடினமான வேலையை ஒத்திப்போட்ட இடத்தில்தான் மோதல் வெடித்தது.

2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகளால் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் டெல்லி சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது, அட்டாரி சோதனைச்சாவடியை மூடியது, விசாக்களை ரத்து செய்தது. சிம்லா உள்ளிட்ட எல்லா இருதரப்பு உடன்பாடுகளையும் நிறுத்திவைக்கத் தனக்கு உரிமை உண்டு என்றது பாகிஸ்தான். மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் என்ற பெயரில் இந்தியா பதிலடித் தாக்குதல் தொடங்கியது. மூன்று நாள் கழித்து, மே 10 பிற்பகல் 3.35 மணிக்குப் பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் இந்தியாவின் இயக்குநரை அழைத்தார். மாலை 5 மணிக்குச் சண்டை நிறுத்தம். வாஷிங்டன் எவ்வளவு அழுத்தம் கொடுத்தது என்ற சர்ச்சை தொடரட்டும். யார் சொன்னாலும் சுடுவதை நிறுத்தும் வார்த்தை அந்த இரு அதிகாரிகளின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வேறெல்லாம் அறுந்துபோன நிலையில் அந்தத் தொடர்பு இருந்தது. ஆகஸ்டில் தாவி நதியில் வெள்ளம் பெருகியபோது, சிந்து ஆணையத்தின் வழியாக அல்லாமல் தூதரகத்தின் மூலம் இந்தியா பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஒப்பந்தம் முடங்கிய பிறகும் வெள்ளத்தில் ஆட்கள் சாகக் கூடாது என்று டெல்லியில் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். அவருக்கு என் வணக்கம்.

பயங்கரவாதமும் பேச்சும் ஒன்றாகப் போகாது என்பது இந்திய அரசின் நிலை. அதன் பின்னுள்ள கோபம் நியாயமானது. பேருந்தையும் விசாவையும் நிறுத்துவது, போருக்குக் குறைவான தண்டனை என்று ஒன்று வேண்டும் என்பதால்தான் என்றும் வாதிடுகிறார்கள். அதுவும் இல்லாவிட்டால் ஏவுகணை ஒன்றே வழியாகிவிடும் என்கிறார்கள். வலுவான வாதம்தான். ஆனால் தண்டனை யார்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ராவல்பிண்டி ராணுவத் தலைமையகத்தில் முடிவெடுப்பவர்களுக்குச் சிகிச்சைக்கு வந்த நோயாளியின் விசா ரத்தானால் என்ன நட்டம்? 2025 ஏப்ரல் கடைசியில் அட்டாரியில் தாய் ஒரு நாட்டுப் பாஸ்போர்ட்டோடும் பிள்ளை வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டோடும் நின்ற குடும்பங்கள் எந்தப் பயங்கரவாதியையும் தடுத்து நிறுத்தும் பலம் உள்ளவை அல்ல. 2019இல் பேருந்தும் ரயிலும் நின்றதால் 2025 தாக்குதல் தடுக்கப்படவும் இல்லை. வர்த்தகத்தை நிறுத்தட்டும், தூதரக ஆட்களைக் குறைக்கட்டும். அரசு அரசை அடிக்கும் வழிகள் அவை. நோயாளி, கைதி, மீனவர், பிரிந்த குடும்பம் ஆகிய நால்வரையும் அணு நிலையப் பட்டியலைப் போலத் தேதி வந்தால் தானாக நடக்கும் ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அதற்குப் பாதி வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. 2008 மே 21 அன்று செய்த தூதரக அணுகல் உடன்பாட்டின்படி ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் கைதிகளின் பட்டியல் பரிமாறப்படுகிறது. சிந்தூர் நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2025 ஜூலை 1 அன்றும் அது தவறவில்லை. பாகிஸ்தான் சிறைகளில் 53 இந்தியச் சிவிலியன்களும் 193 மீனவர்களும், இந்தியச் சிறைகளில் 382 பாகிஸ்தான் சிவிலியன்களும் 81 மீனவர்களும் இருந்ததாகப் பட்டியல்கள் காட்டின. தண்டனைக் காலம் முடிந்தும் பாகிஸ்தான் சிறையில் இருந்த இந்தியர்கள் 159 பேர். தண்டனை முடிந்து குடியுரிமை உறுதியானால் ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று அதே உடன்பாடு சொல்கிறது. பட்டியல் தேதி தவறாமல் போகிறது, மனிதர்கள் போவதில்லை. சர் கிரீக் கழிமுகத்தில் கடல் எல்லை தீர்மானமாகாத வரை குஜராத் மீனவர்களும் சிந்து மாகாண மீனவர்களும் மாறி மாறிப் பிடிபடுவார்கள். பிடிபட்ட படகுக்காகவும் சிறையிலிருக்கும் மகனுக்காகவும் காத்திருப்பது என்னவென்று ராமேஸ்வரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

கைதிகளின் நிலையை நேரில் பார்த்து விடுதலைக்குப் பரிந்துரைக்க, இரு நாட்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்ட குழு 2007இல் அமைக்கப்பட்டது. 2013 அக்டோபருக்குப் பிறகு அது கூடவில்லை. அதைத் திரும்பக் கூட்டுவதற்குப் புதிய உடன்பாடோ உச்சி மாநாடோ தேவையில்லை. இரு வெளியுறவு அமைச்சகங்களும் ஒரு தேதியைக் குறித்தால் போதும். பஹல்காமில் இறந்தவர்களுக்கு நீதி கேட்பதை நிறுத்தாமலேயே இதையும் கேட்கலாம். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் யாராக இருந்தாலும், அந்தக் குழு ஏன் கூடவில்லை என்று அவையில் கேட்கச் சொல்லி எழுதுங்கள்.